கொழும்பில் சங்கு நண்டு விற்கும் அண்ணாமாருக்கும் நானாமாருக்கும்

மீன்தொட்டிக் கடை வைத்திருப்பவர்கள், லீவு நாட்களில் கடற்கரைப் பக்கம் மேசை போட்டு விற்பவர்கள், ஃபேஸ்புக்கில் படம் போட்டு ‘இன்பொக்ஸ் வாங்க’ என்று எழுதுபவர்கள், எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். சண்டைக்கு வரவில்லை. உங்கள் வியாபாரத்தில் மண் போடும் எண்ணமும் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை இரண்டு வருடமாக மனதுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன், அதைச் சொல்லாமல் இருந்தால் எனக்கு நிம்மதி இல்லை. வெற்றுச் சங்கு ஓட்டுக்குள் குடியிருக்கும் அந்த நண்டு ஒன்றை நான் உயிரோடு குப்பையில் போட்டுவிட்டேன். அது உயிரோடு இருந்தது என்று தெரியாமல் போட்டேன். தெரியாமல் போனதில் எனக்குப் பாதிப் பங்கு, உங்களுக்குப் பாதிப் பங்கு.

மகளுக்கு ஏழாவது பிறந்தநாள். நாய் கேட்டாள். வெள்ளவத்தையில் தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் இருந்துகொண்டு நாய் வளர்ப்பதென்றால் வீட்டுக்காரர் முதலில் எங்களைத்தான் வெளியே அனுப்புவார். சரி என்று ஒரு மீன்தொட்டிக் கடைக்குப் போனோம். கல்லாப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் இருபது முப்பது நண்டுகள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒவ்வொரு நிறத்தில் ஓடு. சிவப்பு, நீலம், மினுமினுப்பு, கிரிக்கெட் பந்து போல ஒன்று, சிரித்த முகம் வரைந்தது ஒன்று. மகள் நாயை அங்கேயே மறந்துவிட்டாள். இரண்டு வாங்கினோம். கூடவே பிடி வைத்த சின்னப் பிளாஸ்டிக் பெட்டி, அடியில் போட நிறக் கற்கள் ஒரு பை, ஒரு துண்டு ஸ்பொஞ்ச். “இதுக்கு ஒண்டும் தேவையில்லை மிஸ், ஸ்பொஞ்சில ரெண்டு சொட்டுத் தண்ணி, பிஸ்கட் தூள் போட்டாக் காணும்” என்றார் கடைக்காரர். நல்ல மனிதர்தான், மகளுக்கு ஒரு டொஃபியும் கொடுத்தார். அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

சிவப்பு ஓட்டுக்காரனுக்கு மகள் வைத்த பெயர் ஓட்டோ. விறுக்கென்று ஓடும், திடீரென்று நிற்கும், காரணமில்லாமல் திரும்பும், பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. நீல ஓட்டில் இருந்த பெரியதற்கு பஸ்.

மூன்றாவது மாதம் ஓட்டோ சாப்பிடுவதை நிறுத்தியது. பெட்டியின் ஒரு மூலையில் நிறக் கற்களைக் கிளறிக் கிளறிப் பார்க்கும், கல் சரிந்து மூடும், மறுபடி கிளறும். இரவு முழுக்க அந்தக் கறகறச் சத்தம். விளையாடுது என்று சொல்லிவிட்டு நான் பெட்டியைக் குசினிக்கு மாற்றினேன், நித்திரை கொள்ள வேண்டுமே. ஒரு நாள் காலை பார்த்தால் ஓட்டோ ஓட்டின் வாசலில் விழுந்து கிடக்கிறது. கால்கள், கொடுக்கு, மீசை, கண் இரண்டு, எல்லாம் அப்படியே, அசைவு மட்டும் இல்லை. மகள் அழுதாள். நான் அதையும் ஓட்டையும் பழைய பேப்பரில் சுற்றினேன். கையில் எடுத்தபோது எடையே இல்லை, அப்பளம் போல. அன்று குப்பை வண்டி வரும் நாள், கொடுத்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து பஸ்சும் அதேபோல மூலையைக் கிளற ஆரம்பித்தபோதுதான் பயந்துபோய்த் தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசித்த அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நண்டு வளர வேண்டுமென்றால் பழைய சட்டையைக் கழற்றியே ஆக வேண்டும். மேல்தோல் முழுவதும், கண்ணின் மேல் உள்ள மெல்லிய தோல்வரை, அப்படியே உரிந்து வரும். உள்ளே புது நண்டு பஞ்சுபோல மெதுவாக, ஓட்டுக்குள் சுருண்டு கிடக்கும். வாசலில் கிடந்தது சட்டை. ஆள் உள்ளே. நான் ஆளையும் சேர்த்துப் பேப்பரில் சுற்றியிருக்கிறேன்.

செத்த நண்டு எப்படியிருக்கும் என்று கொழும்பில் இருப்பவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நெத்தலித் தலை குசினித் தொட்டியில் கிடந்தாலே இந்த வெக்கைக்கு மத்தியானத்துக்குள் வீடு நாறும். ஓட்டோவில் நாற்றமே வரவில்லை. எடையும் இல்லை. இரண்டும் கையிலேயே இருந்த சாட்சி, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. உங்களில் யாராவது விற்கும்போது “மிஸ், இது சில நேரம் செத்தது போலக் கிடக்கும், நாறாவிட்டால் தொடாதீங்க” என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். ஒரே ஒரு வசனம்.

இவ்வளவும் அந்த நிறக் கற்களால் வந்தது. தரையில் வாழும் இந்த நண்டு சட்டை கழற்ற மண்ணுக்குள் புதைந்து போகும். சின்னது மூன்று நான்கு வாரம் உள்ளே இருக்கும், பெரியது இரண்டு மாதம் தாண்டியும் இருக்கும். உள்ளேயே கழற்றி, கழற்றிய சட்டையை அங்கேயே சாப்பிட்டு அதிலுள்ள சுண்ணாம்பை உடம்பில் ஏற்றி, தோல் இறுகிய பிறகுதான் மேலே வரும். அதற்குக் குறைந்தது ஒரு சாண் ஆழத்துக்கு ஈர மணல் வேண்டும். இரண்டு விரற்கடை கல்லை வைத்துக்கொண்டு ஓட்டோ எங்கே போவது? வெட்டவெளியிலேயே கழற்ற வேண்டியதாயிற்று. நான் இப்போது கழுவிய மணல் ஐந்து பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு கலந்து போடுகிறேன். பதம் புட்டு மாவைவிடக் கொஞ்சம் ஈரம் கூட, விரலால் ஒரு குழி போட்டால் சுவர் சரியாமல் நிற்க வேண்டும். தும்புத்தூளுக்கு இந்த நாட்டில் பஞ்சமா? நிறக் கல்லைவிட மலிவு. அதை உங்கள் கடையிலேயே பொதி கட்டி விற்கலாம், நான் வாங்குவேன்.

இனி ஓடு. இதைத்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

அது அலங்காரம் இல்லை, உடுப்பும் இல்லை. நண்டின் முன்பாதிதான் கவசம் போட்டது, பின்பாதி தோல் உரித்த இறால் மாதிரி, தொட்டால் நசியும். வெளியே தெரிவது இரண்டு கொடுக்கும் நான்கு காலும். மீதி நான்கு குட்டிக் கால்கள் உள்ளே ஓட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். வயிறு ஒரு பக்கமாகச் சுருண்டிருக்கும், ஓட்டின் சுருளுக்குள் திருகி உட்கார்வதற்காக. (நாம் இலட்சக் கணக்கில் விலை பேசும் வலம்புரி இந்தச் சுருளுக்கு எதிர்த் திசை. நண்டுக்கு இடம்புரிதான் ஒத்துவரும். பூசையறைக்கு ஒரு நியாயம், நண்டுக்கு ஒரு நியாயம்.) கொஞ்சம் தண்ணீரையும் அது ஓட்டுக்குள்ளேயே சேமித்து வைத்துத் திரியும், செவுள் காயாமல் இருக்க. பெரிய இடது கொடுக்கு கதவு. ஆபத்து வந்தால் உள்ளே போய்க் கொடுக்கால் வாசலை அடைக்கும். வாசல் பெரிதாக இருந்தால் கதவு மூடாது, சிறிதாக இருந்தால் ஆள் உள்ளே போகாது. ஆகவே வளர வளர ஓடு மாற வேண்டும், மாறுவதற்கு ஓடு கையருகே இருக்க வேண்டும்.

நீங்கள் இருபது நண்டுக்கு இருபது ஓடு வைக்கிறீர்கள். ஒரு வெற்று ஓடுகூடப் பெட்டியில் கிடக்காது. அதுவும் பெயின்ட் அடித்தது. பெயின்ட் ஈரத்தில் உரியும், நண்டு எதையும் கொறித்துப் பார்க்கும், உரிந்த துகள் வயிற்றுக்குள் போகும். பஸ்சின் நீல ஓட்டின் உதட்டில் பெயின்ட் செதில் செதிலாகக் கொறித்து எடுக்கப்பட்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று. ஒரு நண்டு தன் நல்ல ஓட்டை விட்டுவிட்டுப் பெயின்ட் மணக்கும் ஓட்டுக்குள் ஏன் போகும்? விரும்பிப் போகாது. வேறு ஓடு எதுவும் வைக்காமல் போகவைக்கிறார்கள், அல்லது இருக்கும் ஓட்டை உடைத்துப் போகவைக்கிறார்கள். வெளிநாடுகளில் இந்தப் பழக்கம் பற்றி எவ்வளவோ பேசியாயிற்று. இங்கே உங்களுக்குப் பெயின்ட் ஓட்டோடு கொண்டுவந்து தருபவர் எப்படி அதைச் செய்கிறார் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோது “அதெல்லாம் அவங்க பார்த்துக்குவாங்க” என்று பதில் வந்தது.

பஸ் ஓடு மாறிய இரவைச் சொல்லிவிடுகிறேன், அதைப் பார்த்தால் நீங்களே பெயின்ட் டப்பாவைத் தூக்கிப் போடுவீர்கள். தெரிந்த ஒருவர் ஊரிலிருந்து கொண்டுவந்த சங்குகளில் வட்ட வாசல் உள்ளவை நான்கைப் பார்த்தெடுத்து, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டுப் பெட்டியில் போட்டிருந்தேன். மூன்று நாள் திரும்பிப் பார்க்கவில்லை. நாலாம் நாள் இரவு பதினொன்று இருக்கும், மகள் மெதுவாக வந்து என் காலைச் சுரண்டினாள். பஸ் ஒரு மண்ணிறச் சங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. உருட்டுகிறது. வாசலை மேலே திருப்புகிறது. மீசையை உள்ளே விடுகிறது, பிறகு கொடுக்கை முழங்கைவரை விட்டு அளக்கிறது, உள்ளே கிடந்த ஒரு மணல் பருக்கையை எடுத்து வெளியே போடுகிறது. இப்படியே இருபது நிமிடம். அப்புறம் ஒரு கணம், கண் சிமிட்டினால் தவறிவிடும், நீல ஓட்டிலிருந்து வெளியே வந்தது. இளஞ்சிவப்பாக, கூசும்படி வெறுமையாக, முந்திரிப் பருப்பு வளைவில் ஒரு வயிறு. உடனே புதுச் சங்குக்குள் பின்பக்கமாக வழுக்கிப் போய்விட்டது. ஒரு சுற்று நடந்தது. திரும்பி வந்து பழைய நீல ஓட்டுக்குள் மீசையை விட்டு ஒருமுறை பார்த்தது, வெள்ளவத்தையில் வீடு மாறுகிறவர்கள் சாவி கொடுக்கும் முன் பழைய வீட்டின் அலுமாரியைத் திறந்து பார்ப்பார்களே, அப்படி. பிறகு போய்விட்டது. அந்த நீல ஓட்டுக்கு அது திரும்பவே இல்லை.

கடற்கரையில் இவை கூட்டமாகவே வீடு மாறும் என்பதை வாசித்தபோது சிரிப்பு வந்தது. நல்ல பெரிய ஓடு ஒன்று ஒதுங்கினால், அளவு சரியில்லாதவை சுற்றி நின்று காத்திருக்கும். பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசை கட்டும். பொருத்தமான ஒன்று வந்து பெரிய ஓட்டுக்குள் போனதும், அது விட்ட ஓட்டுக்கு அடுத்தது, அது விட்டதுக்கு அடுத்தது என்று முழு வரிசையும் சில நொடிகளில் மாறிவிடும். புரோக்கரும் இல்லை, அட்வான்சும் இல்லை. தமிழில் சில புத்தகங்கள் இதைத் துறவி நண்டு என்கின்றன, ஆங்கிலப் பெயரின் பொருள் அது. துறவியாவது! இதைவிடக் கூட்டம் தேடும் பிராணி இல்லை. தனியாக ஒன்றை வாங்கிக்கொண்டு போகிறவரிடம் அதையும் சொல்லுங்கள். உங்களுக்கு ஒன்று கூட விற்கும்.

வெற்று ஓடு எங்கே எடுப்பது என்று கேட்பீர்கள். கடற்கரையில் பொறுக்கி மூட்டை கட்ட வேண்டாம், அங்கிருக்கும் நண்டுக்கே தட்டுப்பாடு. 2024இல் வந்த ஓர் ஆய்வில் இணையத்தில் கிடந்த படங்களை மட்டும் பார்த்தே, பிளாஸ்டிக் மூடி போன்ற குப்பையை முதுகில் சுமக்கும் தரை நண்டுகள் 386ஐ எண்ணியிருக்கிறார்கள். 2021 மே மாதம் நம் கடலில் எரிந்த கப்பலின் பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரை நெடுக ஒதுங்கியதைப் பார்த்தவர்கள் நாம், கடலில் ஓடு குறைந்து பிளாஸ்டிக் கூடுவதை நமக்கு யாரும் விளக்க வேண்டாம். முன்னறையில் பழைய அலங்காரச் சங்குகள், ஊரிகள் தூசி படிந்து கிடக்காத வீடு உண்டா? அவை போதும். இன்னொன்று, மழைக்கு மதிலில் ஏறி வாழை, பப்பாசி எல்லாவற்றையும் மொட்டையடிக்கும் ஆபிரிக்க நத்தை. அதன் ஓட்டைத் தரை நண்டுகள் பல தீவுகளில் விருப்பத்தோடு பயன்படுத்துகின்றன. இலேசானது. செத்த நத்தையின் காலி ஓட்டைக் கையுறையோடு எடுத்து நன்றாகக் கொதிக்க வைத்தால் சரி. தோட்டக்காரருக்கும் சந்தோஷம்.

பராமரிப்பில் மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கொழும்பில் இது இலேசு. குளிர் நாட்டுக்காரர்கள் சூட்டுக்கு விளக்கு, ஈரப்பதத்துக்கு மெஷின் என்று செலவழிப்பதை நமக்கு வானமே தருகிறது. இந்த நண்டு மீனைப் போலச் செவுளால்தான் மூச்சு விடுகிறது, நாம் மீன் வாங்கும்போது சிவப்பாக இருக்கிறதா என்று தூக்கிப் பார்ப்போமே அதே செவுள், ஆனால் காற்றிலிருந்து. அது ஈரமாக இருக்கும்வரைதான் மூச்சு. எண்பது சதவீத ஈரப்பதம் அதற்குச் சொர்க்கம், நமக்கு வியர்வை. அப்படியிருக்க நீங்கள் ஏசிக்கு நேர் கீழே, மேலே கம்பி வலை போட்ட பெட்டியில் வைக்கிறீர்கள். அது மெல்ல மெல்ல மூச்சு முட்டிச் சாகும், நாள் கணக்காக, சத்தமே இல்லாமல். ஏசி இல்லாத மூலைக்கு மாற்றிக் கண்ணாடி மூடி போடுங்கள், வெயில் மட்டும் நேரே படக் கூடாது.

தண்ணீர் இரண்டு பாத்திரத்தில் வேண்டும், நல்ல தண்ணீர் ஒன்று, உப்புத் தண்ணீர் ஒன்று, முங்கிக் குளிக்கும் ஆழத்தில், ஏறி வர ஒரு கல்லோடு. பைப் தண்ணீரின் குளோரினை எப்படிப் போக்குவது என்று உங்களுக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. உப்புக்குச் சமையல் உப்பு வேண்டாம், உங்கள் தட்டிலேயே இருக்கும் கடல்மீன் உப்பு, லீட்டருக்கு 35 கிராம். வெள்ளவத்தைக் கடலில் ஒரு போத்தல் அள்ளலாமே என்று நானும் நினைத்தேன், அந்தக் கால்வாய் விழும் இடத்தைப் பார்த்தபின் விட்டுவிட்டேன். சாப்பாட்டுக்குப் பிஸ்கட் அல்ல, தேங்காய்ப்பூ, இறால் தோல், அவித்த முட்டையின் கோது, காய்ந்த இலை, கணவாய் ஓடு. மீன் நோய்க்கு ஊற்றும் செம்பு கலந்த மருந்து இறாலைக் கொல்லும் என்று தெரிந்து வைத்திருக்கிறீர்கள், நண்டும் இறாலின் சாதிதான். அப்புறம் நுளம்புத்திரி. டெங்குக் காலத்தில் புகை அடிக்க வந்தால் நாங்கள் முதலில் பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு பக்கத்து மாடிக்கு ஓடுகிறோம், நுளம்பைக் கொல்லும் அதே மருந்து நண்டுக்கும் நஞ்சு. பக்கத்து வீட்டு அன்ரி எங்களைப் பைத்தியம் என்று முடிவு செய்துவிட்டார்.

ஒரு விஷயம் பாக்கி, அதைச் சொல்லும்போது உங்கள் முகம் மாறும் என்று தெரியும். இந்த நண்டை யாரும் வளர்த்துப் பெருக்கி விற்பதில்லை. முட்டை பொரிவது கடலில். குஞ்சு வாரக் கணக்கில் கடலில் மிதந்து, பல உருவம் மாறி, அரிசி மணி அளவு ஓடு ஒன்றைத் தேடிப் போட்டுக்கொண்டு கரையேறும். தொட்டியில் அதைச் செய்து காட்டியவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர். ஆகவே உங்கள் பெட்டியில் இருக்கும் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கரையிலிருந்து பிடித்து வந்தது. கொய்யாக்காய் அளவு நண்டு என்றால் அதன் வயது உங்கள் கடையின் வயதைத் தாண்டியிருக்கலாம், இவை 30 வருடத்துக்கு மேல் வாழக்கூடியவை. ஜப்பானில் 1970இலேயே தங்கள் தரைச் சங்கு நண்டுகளை இயற்கை நினைவுச் சின்னம் என்று அறிவித்துவிட்டார்கள். அதைப் பள்ளிக்கூடம் முடிந்து வரும் பிள்ளைக்குப் பென்சில் பெட்டி போல விற்கிறோம். விற்கவே வேண்டாம் என்பதுதான் என் விருப்பம். அது உடனே நடக்காது என்றும் தெரியும், அதனால் நடக்கக்கூடியதைக் கேட்கிறேன்.

பெயின்ட் ஓட்டில் வருவதை வாங்காதீர்கள், கொண்டுவருபவரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் வாங்காவிட்டால் அவர் பெயின்ட் அடிக்கமாட்டார், அவருக்கும் பெயின்ட் காசு மிச்சம். உங்கள் பெட்டியில் காலி ஓடு போடுங்கள். மணல் ஒரு சாண் போடுங்கள். விற்கும்போது நாற்றத்தைப் பற்றிய அந்த ஒரு வசனத்தைச் சொல்லுங்கள், சிங்களத்திலும் சொல்லுங்கள். வளர்க்க முடியாமல் திரும்பக் கொண்டுவருகிறவர்களிடமிருந்து வாங்கி வையுங்கள், கடலில் விடுகிறேன் என்று காலி முகத்திடலில் அலைக்குள் எறிகிறார்கள், தரை நண்டு அலைக்குள் மூழ்கிச் சாகும்.

காலி ஓட்டுக்கு நான் பொறுப்பு. எங்கள் மாடியில் எல்லா வீட்டுக் காட்சிப் பெட்டியையும் மகள் காலி பண்ணிவிட்டாள், அன்ரி வீட்டுச் சங்குகள் உட்பட. கொதிக்கவைத்து, காயவைத்து, வாசல் அளவு பார்த்துப் பிரித்து மூன்று சொப்பிங் பேக் நிறையக் கிடக்கிறது. வரும் சனிக்கிழமை காலி வீதியில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கப் போகிறோம். காசு வேண்டாம், பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பேசின் வைத்தால் போதும், அதில் கொட்டிவிட்டுப் போகிறோம். பின்னேரம் நாலு மணிக்குள் திரும்பிவிடுவோம், பஸ் மண்ணுக்குள் போய் இன்றோடு 23 நாள், எந்த நேரமும் மேலே வரலாம் என்று மகள் வீட்டை விட்டு அதிக நேரம் வரமாட்டாளாம்.